போர்க்கால பெட்போர்ட் லாரி: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவம் ஓட்டிய லாரி ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது, அல்லது அப்படி ஒன்றைப் பராமரிக்கும் குழுவில் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இந்தக் குறிப்பைப் பெரும்பாலும் பெட்போர்ட் க்யூ.எல். வண்டியை வைத்தே எழுதியிருக்கிறேன். இங்கிலாந்தில் லூட்டன் நகரில் வாக்ஸ்ஹால் தொழிற்சாலை 1941 முதல் 1945 வரை தயாரித்த 3 டன் வண்டி அது. நான்கு சக்கரமும் இழுக்கும். 3519 சி.சி. ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், 72 குதிரைத்திறன். ஐம்பதாயிரத்துக்கும் மேல் செய்தார்கள், அதனால் இன்றும் உதிரி பாகம் ஓரளவு கிடைக்கிறது. மாரிஸ் குவாட், ஆஸ்டின் கே2 ஆம்புலன்ஸ், கனடாவில் செய்த செவ்ரலே, போர்ட் லாரிகள் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். ஏ.இ.சி. மேட்டடார் மட்டும் டீசல், காற்று பிரேக் என்று தனி வழி. அதற்கு எஞ்சின், பிரேக் பகுதிகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வரிசையைக் கவனியுங்கள். எஞ்சினுக்கு முன்னால் எண்ணையும் பெயிண்டையும் வைத்திருக்கிறேன். ஓடாத எஞ்சினை அடுத்த வருடம்கூட ஓட வைக்கலாம். சுரண்டிப் போட்ட பெயிண்டும் வெட்டி எறிந்த தகடும் திரும்பி வராது. வண்டி எங்கே இருந்தது, என்ன வேலை செய்தது என்பதற்கான சான்று பல சமயம் அந்த இரண்டில் மட்டும்தான் இருக்கிறது.

தகடு இல்லை, இது எந்த வண்டி என்றே தெரியவில்லை

கேபினுக்குள் இருந்த தகடுகள் காணாமல் போயிருப்பது சகஜம். போர் முடிந்து ஏலத்தில் போன வண்டிகள் மரம் இழுக்கவும், பழுதான வண்டிகளைக் கட்டி இழுக்கவும், பண்ணை வேலைக்கும் போயின. கேபினை மாற்றினார்கள், பாடியைக் கழற்றினார்கள். ஆனால் சேசிஸை அவ்வளவு சுலபமாக யாரும் மாற்றவில்லை. முதலில் சேசிஸ் சட்டத்தில் பொறித்த எண்ணைத் தேடுங்கள். மேலே கிரீஸும் மண்ணும் கெட்டியாகப் படிந்திருக்கும். மரச் சுரண்டியால் மேல் அழுக்கை எடுத்துவிட்டு, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள். கிரைண்டரும் கம்பி பிரஷும் கிட்டேயே வரக்கூடாது. துருப் பிடித்த இரும்பில் எழுத்தின் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, ஒரு சுற்றில் போய்விடும். எண் மங்கலாக இருந்தால் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு, டார்ச்சைச் சட்டத்தோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். பள்ளம் நிழலாகத் தெரியும்.

அடுத்தது ராணுவப் பதிவு எண். போர்க்காலத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் எழுத்தும் அதன் பின்னால் எண்ணும் கொடுத்தார்கள். எல் என்றால் லாரி, இசட் என்றால் 15 ஹண்ட்ரட்வெயிட் (முக்கால் டன்) போன்ற சிறிய டிரக், எச் என்றால் பீரங்கி இழுக்கும் டிராக்டர், ஏ என்றால் ஆம்புலன்ஸ், எம் என்றால் கார். பெட்போர்டின் சிறிய டிரக்கான எம்.டபிள்யூ. போல பானெட் நீட்டிய வண்டிகளில் பானெட்டின் இரண்டு பக்கமும் வெள்ளையில் எழுதியிருக்கும். க்யூ.எல். வண்டியில் டிரைவர் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே உட்காருகிறார், நீட்டிய பானெட் கிடையாது. ஆகவே கேபின் பக்கவாட்டிலும் கதவிலும் தேட வேண்டும்.

இதைத் தேடும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அவசரத்தில் பாழாவது இங்கேதான். இருட்டிய பிறகு, மேல் பெயிண்டைத் தொடாமல், டார்ச்சைக் கதவோடு ஒட்டிப் பிடித்து மெதுவாக நகர்த்துங்கள். பிரஷ்ஷால் தடிமனாக எழுதிய வெள்ளை எழுத்தின் விளிம்பு, அதன்மேல் மூன்று நான்கு பூச்சு ஏறியிருந்தாலும், மெல்லிய மேடாகத் தெரியும். ஒரு வளைவு தெரிந்தால் அதன் ஓரத்தைப் பென்சிலால் குறித்து, ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுங்கள். அப்புறம்தான் தேய்ப்பது. 800 நம்பர் வாட்டர் பேப்பரை நன்றாக நனைத்து, விரல் நுனியளவு இடத்தில் மட்டும் வட்டமாகத் தேயுங்கள். உலர்ந்த தேய்ப்பு வேண்டாம், பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஒவ்வொரு நிறமாக வளையம் வளையமாக வெளியே வரும். வெள்ளை தெரிந்ததும் 1200 நம்பருக்கு மாறுங்கள். அந்த வெள்ளை விளிம்பைத் தொடர்ந்து போனால் எண்ணின் ஒரு கால், ஒரு சுழி என்று மெல்ல மெல்லத் திறக்கும்.

எண்ணின் கடைசியில் எஸ் என்ற எழுத்து தனியாக வந்தால் அது எண்ணின் பகுதி அல்ல. வயர்லெஸ் கருவிக்கு இடைஞ்சல் வராதபடி மின்சாரச் சத்தத்தை அடக்கிய வண்டி என்பதற்கான குறி அது. இதை நினைவில் வையுங்கள், பிளக்கில் பொறி வராத பகுதியில் மறுபடி உதவும்.

எண் கிடைத்துவிட்டது, ஆனால் ஒன்றோடும் பொருந்தவில்லை

இரண்டு இலக்கம், இரண்டு எழுத்து, மறுபடி இரண்டு இலக்கம் என்று எண் வந்தால் அது போர்க்கால எண் அல்ல. 1949 முதல் வந்த புதிய முறை. அப்போது சேவையில் மிச்சமிருந்த போர்க்கால வண்டிகளுக்கு ஒய் அல்லது இசட்டில் தொடங்கும் எழுத்து ஜோடிகள் கொடுத்தார்கள். ஆர் என்று தொடங்கினால் வண்டி ராணுவப் பணிமனையில் முழுதாகப் பிரித்து மறுபடி கட்டப்பட்டது என்று பொருள். அப்படிக் கட்டும்போது ஒரு வண்டியின் கேபின் இன்னொரு வண்டியின் சேசிஸில் ஏறியது. ஆகவே கேபின் ஓர் எண்ணும் சேசிஸ் வேறு எண்ணும் சொன்னால், யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று முடிவு கட்ட வேண்டாம். எஞ்சின் எண் பொருந்தாமல் இருப்பது அதைவிடச் சாதாரணம். போர்க்களப் பணிமனைகளில் எஞ்சினை மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

போர்க்கால எண்கள் ஒப்பந்தம் ஒப்பந்தமாக, தொகுதி தொகுதியாக ஒதுக்கப்பட்டவை. எண்ணை வைத்து ஒப்பந்தத்தையும், ஒப்பந்தத்தை வைத்துத் தயாரிப்பாளரையும் வண்டியின் வகையையும் பிடிக்கலாம். இங்கிலாந்தில் போவிங்டனில் உள்ள டாங்க் அருங்காட்சியகமும், ராயல் லாஜிஸ்டிக் கார்ப்ஸ் அருங்காட்சியகமும் இந்த வகைத் தேடலுக்கு முதலில் எழுத வேண்டிய இடங்கள். எழுதும்போது சேசிஸ் எண், பதிவு எண், தகட்டில் உள்ள ஒப்பந்த எண், நான்கு பக்கப் போட்டோ எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் வையுங்கள். பதில் எழுதுகிறவர் எதையும் திருப்பிக் கேட்க வேண்டிய நிலை வரக்கூடாது.

இங்கே பலருக்கும் ஏமாற்றம் காத்திருக்கிறது. வண்டி எந்த வகை, எந்த ஒப்பந்தம் என்று தெரிந்துவிடும். நார்மண்டியில் இறங்கியதா, எந்தப் படைப்பிரிவில் ஓடியது என்பது பெரும்பாலும் தெரியாது. போர்க்காலப் பதிவுகள் ஒரு தனி லாரியின் பயணத்தைச் சொல்வது அபூர்வம். வழி இருப்பது பெயிண்டுக்கு அடியில்தான். முன் மட்கார்டிலும் பின்பக்கப் பலகையிலும் சதுரமான நிறத்தழும்பு தெரிகிறதா பாருங்கள். மூலைவாட்டில் பிரித்த சிவப்பும் பச்சையும் என்றால் சரக்குப் போக்குவரத்துப் பிரிவான ராயல் ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸ். மேலே சிவப்பும் கீழே நீலமும் என்றால் பீரங்கிப் படை. அந்தச் சதுரத்துக்குள் உள்ள வெள்ளை எண் குறிப்பிட்ட அலகைக் காட்டும். பக்கத்தில் டிவிஷன் சின்னமும் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது: சிவப்புப் பாலைவன எலி 7வது கவசப் பிரிவு, கறுப்புக் காளை 11வது கவசப் பிரிவு. அலகு தெரிந்தபின் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அதன் போர் நாட்குறிப்பைத் தேடலாம். தேட வேண்டிய கோப்பு வரிசை வடமேற்கு ஐரோப்பா என்றால் டபிள்யூ.ஓ. 171, மத்திய கிழக்கு என்றால் டபிள்யூ.ஓ. 169, பர்மா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியா என்றால் டபிள்யூ.ஓ. 172. நாட்குறிப்பு லாரியின் பெயரைச் சொல்லாது. அந்த அலகு எந்தத் தேதியில் எந்த ஊரில் இருந்தது என்று சொல்லும், அதுவே பெரிது.

பழைய போட்டோக்களை வைத்துத் தேடும்போது ஒன்று: டிவிஷன் சின்னம் இருக்க வேண்டிய இடம் சுரண்டியது போல வெறுமையாக இருந்தால் வண்டியில் சின்னம் இல்லை என்று நினைக்காதீர்கள். தணிக்கை அதிகாரிகள் அழித்திருப்பார்கள்.

சின்னம் எதுவும் கிடைக்காவிட்டால்? அழகாக இருக்கும் என்று புகழ்பெற்ற டிவிஷன் ஒன்றின் சின்னத்தை வரைந்துவிடாதீர்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. சான்று இல்லாத சின்னம் பத்து வருடத்தில் சான்றாகிவிடுகிறது. அடுத்து வாங்குகிறவர் அதை நம்பி எழுதுவார், அவர் எழுதியதை இன்னொருவர் நம்புவார். பதிவு எண்ணை மட்டும் எழுதி மற்ற இடத்தை வெறுமையாக விடுங்கள். சின்னம் வேண்டியே தீரும் என்றால், அது மாதிரிக்கு வரைந்தது என்று வண்டியின் கோப்பில் தேதியோடு எழுதி வையுங்கள்.

1940 மேக்கு முந்தைய பிரிட்டிஷ் லாரி உங்களிடம் இருந்தால் கூடுதல் பொறுமை தேவை. டன்கிர்க் பின்வாங்கலின்போது பிரான்சிலேயே விட்டுவந்த வண்டிகள் சுமார் 64,000. அந்தக் காலத்து வண்டிகள் அரிதாக இருப்பதற்கு அதுவே பெரிய காரணம்.

எந்த நிறம் அடிப்பது?

வளையம் வளையமாகத் தேய்த்தீர்களே, அதையே மேலும் மூன்று இடங்களில் செய்யுங்கள்: தகடு இருந்த இடத்தின் பின்புறம், சீட்டுக்கு அடியில், கதவின் உள் மடிப்பில். வெயில் படாத இடத்தில்தான் நிறம் நிறமாக இருக்கும். பட்ட இடத்தில் வெளிறி, மாவு போல ஆகியிருக்கும். அதைப் பார்த்து நிறம் கலக்கினால் வண்டி தவறான சாயலில் போய் நிற்கும். தேய்த்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

போரின் தொடக்கத்தில் காக்கிப் பச்சை. 1941க்குப் பிறகு எஸ்.சி.சி. 2 என்ற பழுப்பு. 1944 ஏப்ரலில் எஸ்.சி.சி. 15 என்ற ஆலிவ் பச்சைக்கு உத்தரவு வந்தது, ஆனால் கையிலிருந்த பெயிண்ட் தீரும்வரை பழையதும் ஓடியது. மேலே கறுப்பில் வட்ட வட்டமாக, மிக்கி மவுஸ் காது என்று பெயர் வாங்கிய மறைவுப் பூச்சும் வரலாம். இவற்றுக்கெல்லாம் மேலே பளபளப்பான கரும்பச்சை இருந்தால் அது போருக்குப் பிந்தையது. ஆக, ஆலிவுக்கு அடியில் பழுப்பு இருந்தால் வண்டி 1944க்கு முன்பே ஓடியிருக்க நல்ல வாய்ப்பு. ஒரு எச்சரிக்கை: செம்பழுப்பு ரெட் ஆக்சைடு பிரைமரை எஸ்.சி.சி. 2 என்று நினைத்துவிடுகிறார்கள். பிரைமர் இரும்போடு ஒட்டியிருக்கும், செங்கல் சாயல் தூக்கலாகத் தெரியும். எஸ்.சி.சி. 2 காய்ந்த மண் நிறம்.

பழைய பெயிண்ட் பாதிக்கு மேல் தேறியிருந்தால் புதிதாக அடிக்கவே வேண்டாம் என்பேன். சோப்பில்லாத தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, மெழுகு பூசி நிறுத்துங்கள். முழுதாக அடித்தே ஆக வேண்டுமானாலும் உள்ளங்கையளவு இடத்தில், படிப்படியாகத் தெரியும் அந்த வளையங்களை மூடாமல் விட்டுவையுங்கள்.

பின் ஆக்சிலின் நடுவில் உள்ள உருண்டையில் வெள்ளைப் பெயிண்ட் தெரிந்தால் அதையும் சுரண்டாதீர்கள். இருட்டடிப்பு இரவுகளில் பின்னால் வரும் டிரைவர் பார்த்து ஓட்டுவதற்காக அங்கே வெள்ளை அடித்து, சின்ன விளக்கு ஒன்றை வைத்திருந்தார்கள். அந்த விளக்கின் கொக்கி பல வண்டிகளில் இன்னும் இருக்கிறது, என்னவென்று தெரியாமல் வெட்டிவிடுகிறார்கள்.

எஞ்சின் சுற்றவே மாட்டேன் என்கிறது

பேட்டரி மாட்டி ஸ்டார்ட்டரை அழுத்துவது, இன்னொரு வண்டியில் கட்டி இழுப்பது, இரண்டும் கூடாது. முதலில் ஆயில் சம்பின் வடிகால் நட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் வரும். எவ்வளவு வந்தது, என்ன நிறம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து எல்லா பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொன்றும் எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தது என்று குறித்து வரிசையாக வையுங்கள். ஒரு பிளக் மட்டும் துருவோடு வந்தால் ஜாம் ஆன சிலிண்டர் அதுதான். அந்த வால்வு திறந்த நிலையில் நின்று ஈரக்காற்று உள்ளே போயிருக்கும். அசிட்டோனும் ஆட்டோமேடிக் கியர் ஆயிலும் சம அளவு கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஊற்றி மூடுங்கள். தீப்பிடிக்கும் கலவை, வெளியில் வைத்துக் கலக்குங்கள். சில நாளுக்கு ஒரு முறை மறுபடி ஊற்றுங்கள். வாரக்கணக்கில் ஆனாலும் ஆகட்டும்.

ஊறும் நேரத்தில் மேல்மூடியைத் திறந்து வால்வுகளைப் பாருங்கள். இந்த பெட்போர்ட் எஞ்சினில் வால்வு தலையில் இருக்கிறது, கீழிருந்து கம்பி தள்ளுகிறது. பிஸ்டன் விட்டுக்கொடுத்து வால்வு இறுகி நின்றால் தள்ளும் கம்பி வளையும். ஒவ்வொரு வால்வையும் மரச் சுத்தியின் பிடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள், கீழே போய்த் தானாக மேலே வர வேண்டும். வராததற்கு எண்ணெய் விட்டு அது இளகும்வரை எஞ்சினைத் தொடாதீர்கள்.

பிறகு முன்பக்கக் கைப்பிடியைப் போட்டு, ஓர் ஆள் பலத்தில், வலப்பக்கம் கொஞ்சம் அழுத்திப் பாருங்கள். ஒரு நூல் அசைந்தால் போதும். அசைந்ததும் மேலும் தள்ளாமல் பழைய இடத்துக்கு வரவிடுங்கள், மறுபடி அழுத்துங்கள். ஒரு முழுச் சுற்று வந்த பிறகு புது எண்ணெய் ஊற்றி, பிளக் இல்லாமலே பல சுற்று கையால் சுற்றுங்கள். இளகிவிட்டது என்பதற்காக உடனே ஸ்டார்ட் செய்ய வேண்டாம். சம்பைக் கழற்றி அடியில் படிந்த சேற்றை வழித்தெடுத்துவிட்டு ஓட்டுவதுதான் பேரிங்குக்கு நல்லது.

நட்டுகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் வண்டியில் விட்வொர்த் மரையும் பி.எஸ்.எஃப். மரையும் வரும், கோணம் 55 டிகிரி. கனடா செவ்ரலே, போர்ட் வண்டிகளில் அமெரிக்க மரை, 60 டிகிரி. மில்லிமீட்டர் ஸ்பேனர் கிட்டத்தட்டப் பொருந்துவது போல இருக்கும், இரண்டாவது இழுப்பில் நட்டின் முனை மழுங்கிவிடும். அம்புக்குறி முத்திரை உள்ள நட்டும் போல்ட்டும் ராணுவக் கொள்முதல். அவற்றைத் தனி டப்பாவில் போட்டு வைத்து, அதே இடத்தில் மறுபடி போடுங்கள்.

சுற்றுகிறது, பற்றவில்லை

பொறியை முதலில் பாருங்கள், பெட்ரோலை அப்புறம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயிண்டின் முகம் கறுத்திருக்கும். மெல்லிய அரத்தால் ஓர் இழுப்பு, பிறகு சுத்தமான அட்டையால் துடைப்பு. பாதி வண்டிகள் இதிலேயே பற்றிவிடும். பாயிண்டில் நீலமாகத் தடித்த பொறி அடித்து, பிளக்கில் பலவீனமாக வந்தால் கண்டென்சர் போய்விட்டது. எஸ் குறி உள்ள வண்டி, குறிப்பாக வயர்லெஸ் வண்டியான க்யூ.எல்.ஆர்., என்றால் சத்தத்தை அடக்கும் தடுப்பான்கள் வயரில் இருக்கும். எண்பது வருடத்தில் அவை உள்ளுக்குள் அறுந்திருக்கலாம். மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாக அளந்து, அறுந்ததை மட்டும் மாற்றுங்கள். பழைய உறையை வைத்துக்கொண்டு உள்ளே புதியதைப் பொருத்த முடிந்தால் இன்னும் நல்லது.

பொறி சரி என்றால் பெட்ரோல். டேங்கில் மிச்சமிருப்பது பெட்ரோலே அல்ல, வார்னிஷ். டேங்கைக் கழற்றிக் கழுவும்வரை தனி கேனிலிருந்து கார்பரேட்டருக்குக் கொடுத்துச் சோதியுங்கள். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் வருகிறது. பழைய ரப்பர் ஹோஸையும் தக்கையால் ஆன பாகங்களையும் அது கரைத்துவிடும். ஹோஸையும் பம்பின் டயாஃப்ரமையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். கூடவே எத்தனால் 5 சதவீதத்துக்கு மேல் போகாத பெட்ரோலாகப் பார்த்துப் போடுங்கள்.

சூடானால் நின்றுவிடுகிறது, ஆறினால் ஓடுகிறது

க்யூ.எல். எஞ்சின் கேபினுக்குள் மூடியில் அடைபட்டு இருப்பதால் இந்தப் புகார் அதிகம். நின்ற உடனே, ஆறுவதற்குள், ஒரு பிளக் வயரைக் கழற்றிப் பொறியைப் பாருங்கள். பொறி இல்லை என்றால் காயில் அல்லது கண்டென்சர். பொறி இருந்தால் பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்துக்கொண்டது. ஈரத்துணியைப் பம்பின்மேல் போட்டால் சீக்கிரம் சரியாகும். இன்றைய பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகும் ரகம். பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்டுக்கு அருகே போகிறதா, முன்பு இருந்த வெப்பத் தடுப்புத் தகடு காணாமல் போயிருக்கிறதா என்று பாருங்கள். கயிறு சுற்றிய பழைய காப்புறை இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், கையால் பிய்க்காதீர்கள்.

தண்ணீர் கொதிக்கிறது

ரேடியேட்டரைச் சுத்தம் செய்தும் கொதித்தால் குற்றவாளி எஞ்சின் பிளாக்கின் உள்ளே இருக்கிறது. துருச்சேறு பின் சிலிண்டர்களைச் சுற்றித்தான் இறுகும். பிளாக்கின் பக்கத்தில் உள்ள வட்டத் தகடு அடைப்புகளைக் கழற்றி, கம்பியால் கிளறி, தண்ணீரை எதிர்த்திசையில் அடித்து வெளியேற்றுங்கள். அந்த அடைப்புகள் உள்ளிருந்து துருப்பிடித்து, ஊதினால் உடையும் நிலையில் இருக்கும், எப்படியும் மாற்ற வேண்டியவைதான். டைமிங் தாமதமாக இருந்தாலும் எஞ்சின் சூடேறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எண்ணெய் பால் நிறமாக இருந்தால் கேஸ்கெட் அல்லது பிளாக் விரிசல். இங்கிலாந்துக் குளிரில் தண்ணீரை வடிக்காமல் நிறுத்திய எஞ்சின்களில் பிளாக்கின் பக்கவாட்டில் நீளமாக விரிசல் விழும். அதை வெல்டிங் செய்ய ஓடாதீர்கள், வார்ப்பிரும்பு வேறு இடத்தில் விடும். குளிர்நிலையில் ஆணி கோத்துத் தைக்கும் முறை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

முன்சக்கர இயக்கத்தை எடுக்க முடியவில்லை, லீவர் அசையவே இல்லை

இதைக் கோளாறு என்று நினைத்துக் கியர்பாக்ஸைப் பிரித்தவர்கள் உண்டு. எஞ்சினின் இழுப்பை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸில் முன்னும் பின்னும் நேரடியாகக் கோத்துக்கொள்கின்றன. தார்ச்சாலையில், திருப்பத்தில், முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். வழுக்கும் மண் இருந்தால் வித்தியாசம் அங்கேயே தீர்ந்துவிடும். கெட்டித் தரையில் தீர வழியில்லாமல் ஷாஃப்டுகளில் முறுக்கு ஏறிவிடும். பற்கள் அந்த அழுத்தத்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். லீவரை எவ்வளவு இழுத்தாலும் வராது. சுத்தியல் வேண்டாம். வண்டியை நேராகப் பின்னோக்கிச் சில மீட்டர் எடுங்கள், அப்போதே லீவரை மெல்ல இழுத்துக்கொண்டிருங்கள், வந்துவிடும். வராவிட்டால் மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு ஒரு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். முறுக்கு விடும்போது அந்தச் சக்கரம் திடீரென்று சுழலும், கையும் காலும் தள்ளியே இருக்கட்டும்.

மண்ணில் ஓட்டியும் அடிக்கடி இப்படி ஆகிறதா? டயர்களை அளந்து பாருங்கள். க்யூ.எல். வண்டிக்கு 10.50-20. முன்னால் தேய்ந்த ஜோடி, பின்னால் புது ஜோடி என்று இருந்தாலே சுற்றளவு மாறி, நேராக ஓடும்போதும் முறுக்கு ஏறும்.

முன் இயக்கத்தை எடுத்துவிட்டு ஓடும்போது டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் கியரிலிருந்து நழுவுவது வேறு கதை. க்யூ.எல். புதிதாக வந்தபோதே இருந்த குறை அது. லீவர் இணைப்புகளின் ஆட்டத்தையும் உள்ளே பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங்கையும் பாருங்கள், பற்கள் தேய்ந்ததா என்று கடைசியில் பார்க்கலாம்.

கியர் மாற்றும்போது கரகர என்று கத்தினால் பெரும்பாலும் கோளாறே இல்லை. கிளட்சை இரண்டு முறை மிதிக்கப் பழகுங்கள். கியர் ஆயில் வாங்கும்போது மட்டும் கவனம்: வெண்கலப் பாகம் உள்ள இடத்தில் ஜி.எல்.-5 ரகம் ஊற்றினால் அதில் உள்ள கந்தகச் சேர்க்கை வெண்கலத்தை அரிக்கும்.

பிரேக்

பெடல் ஆழமாகப் போனால் காற்று அல்லது கசிவு. பெடல் கல் மாதிரி இறுகி வண்டி நிற்காமல் போனால், எஞ்சினின் வெற்றிட இழுப்பில் இயங்கி, பிரேக்கை அழுத்த உதவும் சர்வோவுக்குப் போகும் ஹோஸ் கிழிந்திருக்கும். ஐட்லிங்கில் எஞ்சின் தடுமாறுவது கூடவே வரும் அடையாளம். ஒரு பக்கம் இழுத்தால் அந்தப் பக்கத்தின் எதிர்ச் சக்கரத்தைத் திறங்கள், அங்கே வீல் சிலிண்டர் இறுகியோ, லைனிங்கில் எண்ணெய் ஏறியோ இருக்கும். தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது. பழைய லைனிங் ஆஸ்பெஸ்டாஸ். மாஸ்க் போட்டு, நனைத்துத் துடைத்து, துணியைப் பையில் கட்டி முறையாக ஒப்படைக்க வேண்டும். பிரேக்கில் எஞ்சின் எண்ணெய் ஒரு சொட்டு கலந்தாலும் ரப்பர் சீல் எல்லாம் ஊதிப்போகும். பழைமையைக் காக்கிறேன் என்று பழைய சீலையும் ஹோஸையும் வைத்துக்கொள்ள வேண்டிய இடம் இது அல்ல. அவற்றைக் கழற்றிப் பெட்டியில் போட்டு வையுங்கள், வண்டி புதியதில் ஓடட்டும்.

டயர் மாற்ற வேண்டும், நட்டு எதைக் கழற்றுவது?

இந்த ஒரு பத்தியையாவது வண்டியைத் தொடும் எல்லோரும் படிக்க வேண்டும். ராணுவச் சக்கரங்கள் பல, இரண்டு பாதித் தட்டுகளை நட்டுப் போட்டு இணைத்தவை. சக்கரத்தை வண்டியோடு பிடிக்கும் நட்டு வேறு, இரண்டு தட்டுகளைப் பிடிக்கும் நட்டு வேறு. இரண்டாவதற்கு எச்சரிக்கையாகச் சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்; உங்கள் வண்டியில் அந்தச் சிவப்பு மறைந்திருக்கும். காற்று இருக்கும்போது அந்த நட்டுகளைத் தளர்த்தினால் தட்டு பிய்த்துக்கொண்டு வந்து ஆளைக் கொன்றுவிடும். முதலில் வால்வின் ஊசியையே கழற்றி முழுக் காற்றையும் விடுங்கள், கம்பி விட்டு அடைப்பில்லை என்று உறுதி செய்யுங்கள், பிறகுதான் ஸ்பேனர். திரும்பக் காற்றடிக்கும்போது இரும்புக் கூண்டுக்குள் வைத்து, தள்ளி நின்று அடியுங்கள். வேலை முடிந்ததும் அந்த நட்டுகளுக்குச் சிவப்பு அடியுங்கள். வண்டியில் வேறு எதற்கும் புதுப் பெயிண்ட் வேண்டாம் என்று சொல்லும் நானே இதற்குச் சொல்கிறேன்.

சார்ஜ் ஏறவில்லை

பேட்டரியின் எந்த முனை உடம்போடு சேர்கிறது என்று கையேட்டைப் பார்த்து உறுதி செய்யுங்கள். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். யாரோ மாற்றிப் போட்டிருந்தால் டைனமோவும் தன் துருவத்தை மாற்றிக்கொண்டிருக்கும். டைனமோ வயர்களைக் கழற்றி, பேட்டரியின் லைவ் முனையிலிருந்து ஒரு வயரை டைனமோவின் எஃப் முனையில் ஒரு நொடி தொட்டு எடுத்தால் சரியாகிவிடும். துணி சுற்றிய பழைய வயர் மடித்த இடத்தில் பொடியாக உதிரும். துணி உறை போட்ட புது வயர் கிடைக்கிறது. மாற்றும்போது பழைய கட்டிலிருந்து ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு துண்டு வெட்டிப் பெயர் எழுதி வையுங்கள். மீட்டர்களில் இருட்டில் ஒளிரும் முள்ளோ எண்ணோ இருந்தால் அதில் ரேடியம் இருக்கக்கூடும், கண்ணாடியைத் திறந்து சுரண்டாதீர்கள்.

ஓட்டவே இல்லை, நின்ற இடத்திலேயே கெடுகிறது

தார்ப்பாயை வண்டியோடு ஒட்டி மூடுவதுதான் முதல் காரணம். இரவில் வேர்க்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் கேன்வாஸில் பூஞ்சை பிடிக்கும், ரிவெட் அடித்த இரண்டு தகடுகளுக்கு நடுவே துரு ஊதித் தகட்டையே வளைக்கும். ரிவெட் தலைகளைச் சின்னச் சுத்தியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்றால் பிடிப்பு இருக்கிறது, மந்தமாகக் கேட்டால் உள்ளே துரு. கொட்டகையில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் துரு வெகுவாக மட்டுப்படும். கருவி வாங்க முடியாவிட்டால் காற்றோட்டமாவது இருக்கட்டும். கேன்வாஸைக் காயாமல் மடிக்க வேண்டாம். பாரத்தை டயரிலிருந்து எடுத்து ஆக்சிலுக்கு அடியில் முட்டுக் கொடுங்கள். மாதம் ஒரு முறை கைப்பிடியால் எஞ்சினைச் சில சுற்று சுற்றி, கிளட்சை மிதித்துக் கட்டை வைத்து விடுங்கள், இல்லாவிட்டால் கிளட்ச் தட்டு ஒட்டிக்கொள்ளும். செய்த தேதியைக் கேபினுக்குள் தொங்கும் அட்டையில் எழுதுங்கள். கிளட்சில் கட்டை இருக்கிறது என்பதையும் அதே அட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள், அடுத்து ஏறி உட்காருகிறவருக்குத் தெரிய வேண்டும்.